குமுளி அக்காவுக்கு: பத்தாவது பற்றிக் கவலை வேண்டாம்

அக்கா, 12 வயசு மகன் பள்ளியை விட்டு வீட்டிலேயே தன் போக்கில் படிக்கிறான், பத்தாவது சான்றிதழுக்கு என்ன வழின்னு கேட்டிருந்தீங்க. என்.ஐ.ஓ.எஸ். இருக்கு, 1989-இல் மத்திய அரசு தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி. 14 வயசு நிறைஞ்சதும் பதியலாம். ஐந்து பாடம் போதும், தமிழிலேயே எழுதலாம். ஒரே மூச்சில் முடிக்கணும்னு இல்லை, ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொண்ணா எழுதலாம்.

அதுவரை ரெண்டு வருஷம் உங்க கையில். கம்பத்தில் என் மகளும் இப்படித்தான் படிச்சா. 8 மி.மீ. சல்லடையில் நின்ற ஏலக்காயையும் கீழே விழுந்ததையும் தனித்தனியா எடைபோட்டு, நோட்டில் எழுதி, சதவீதம் தானே கண்டுபிடிச்சா. நான் வாயே திறக்கலை, அதுதான் ரொம்பக் கஷ்டம். மகன் மலையாள பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்னு சொன்னீங்களே, அங்கிருந்தே தொடங்குங்க அக்கா.