புத்தகத்துக்கு முன்னே வரும் விருதுகள்: கொழிஞ்சாம்பாறைத் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளை அடுத்து பி.எட். சேர்த்து ஆசிரியராக்கிவிடலாம் என்று நீங்கள் எண்ணியிருக்கும்போது, அவள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அதை விருதுக்கு அனுப்பினால் பணமும் கிடைக்கும், புத்தகமும் வெளிவரும் என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘தென்னந்தோப்பை நம்பிப் பிழைக்கிற குடும்பம், இது நடக்கிற காரியமா?’ என்ற உங்கள் கேள்வியில் கோபத்தைவிடக் கவலையே அதிகம் தெரிந்தது. நடக்கிற காரியந்தான், ஆனால் அவள் சொல்கிற விதத்தில் அல்ல. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விருது என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு காரியங்களை நாம் குறிக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதலாவது, வெளிவந்த புத்தகத்துக்குக் கொடுப்பது. சாகித்திய அகாதெமி 2011 முதல் வழங்கிவரும் யுவ புரஸ்கார் இந்த வகை: 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். கன்னியாகுமரி மாவட்டத்து மலர்வதி 2012இல் ‘தூப்புக்காரி’ நாவலுக்கும், நாகர்கோவிலைச் சேர்ந்த ராம் தங்கம் 2023இல் ‘திருக்கார்த்தியல்’ தொகுப்புக்கும் அதைப் பெற்றார்கள். நம்மைப் போன்ற எல்லைப் பகுதியிலிருந்து இரண்டு பேர் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் உங்கள் மகளிடம் இன்னும் புத்தகம் இல்லை. ஆகவே அந்தப் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது, அச்சேறாத கையெழுத்துப் பிரதிக்குப் பரிசு கொடுத்து, பரிசு பெற்றதைப் பதிப்பிப்பது. தமிழில் இதற்கு நீண்ட மரபு உண்டு. அகிலனின் ‘பெண்’ 1946இல் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 1966இல் கல்கியின் வெள்ளி விழா நாவல் போட்டியில் வென்றது. ஜெயமோகனின் முதல் நாவலான ‘ரப்பர்’ அகிலன் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்று 1990இல் நூலாயிற்று. அப்போது அவர் தொலைபேசித் துறை ஊழியர். அண்மைக் காலத்தில் ஸீரோ டிகிரி பதிப்பகம் தமிழரசி அறக்கட்டளையுடன் சேர்ந்து இப்படியொரு நாவல் போட்டியை நடத்தியிருக்கிறது. இந்தப் போட்டிகளில் நாவல் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். வென்றால் புத்தகம், இல்லையென்றால் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்புகூட வராது.

மூன்றாவது வகைதான் உங்கள் மகளுக்கு மிகவும் வேண்டியது, நம் மொழியில் மிகவும் குறைவாக இருப்பதும் அதுதான். பாதியில் நிற்கும் படைப்பை எடுத்துக்கொண்டு, எழுதி முடிக்கும் காலத்துக்குப் பணமும், படித்துச் சொல்ல ஒரு மூத்த எழுத்தாளரும், பதிப்பகத்துக்கு ஒரு வழியும் ஏற்பாடு செய்து கொடுப்பது. இங்கிலாந்தின் வட மாவட்டங்களில் வாழும் எழுத்தாளர்களுக்காக ‘நியூ ரைட்டிங் நார்த்’ என்ற அமைப்பு 2000 முதல் நடத்தும் நார்தர்ன் ரைட்டர்ஸ் விருதுகள் இந்த வகை. தலைநகரிலிருந்தும் பதிப்பகங்களிலிருந்தும் தள்ளியிருக்கும் ஒரு வட்டாரத்தைக் குறிவைத்து, முடியாத படைப்பையே கேட்டு வாங்கிப் படிப்பது அதன் சிறப்பு. கேரளத்தில் தமிழர் வாழும் சித்தூர் தாலூகாவுக்கும் தேவிகுளத்துக்கும் பாறசாலைக்கும் அப்படியொன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல முறை நினைத்ததுண்டு.

இங்கே அதற்கு அருகில் வருவது, 2021இல் தொடங்கப்பட்ட பிரதமரின் யுவா திட்டம். மத்திய அரசின் பதிப்பு நிறுவனமான நேஷனல் புக் டிரஸ்ட் இதை நடத்துகிறது. 30 வயதுக்கு உட்பட்ட 75 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு மாதம் 50,000 ரூபாய் உதவித்தொகையும், வழிகாட்டி ஒருவரையும், நூல் வெளிவந்தால் 10 விழுக்காடு ராயல்டியும் கொடுத்தார்கள். 2022இல் இரண்டாம் சுற்றும் 2025இல் மூன்றாம் சுற்றும் அறிவிக்கப்பட்டன. மூன்றாம் சுற்றில் இடங்கள் 50. கிடைக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். அடுத்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் பொருள் குறிக்கப்பட்டிருக்கும்: முதலில் விடுதலைப் போராட்டம், பிறகு மக்களாட்சி, மூன்றாவதில் புலம்பெயர்ந்த இந்தியர், இந்திய அறிவு மரபு, நவீன இந்தியாவை உருவாக்கியவர்கள். தோப்புக்காரக் குடும்பத்தைப் பற்றிய நாவலை அந்தச் சட்டகத்துக்குள் திணிக்க முடியாது, திணிக்கவும் வேண்டாம். ஆனால் அதற்கு விண்ணப்பம் தயாரிக்கும் முறை, அதாவது நூல் எதைப் பற்றியது என்ற சுருக்கம், அத்தியாயத் திட்டம், மாதிரிப் பகுதி ஆகிய மூன்றையும் எழுதிப் பார்ப்பது, எந்த நூலுக்கும் பயன்படும். தன் நாவலை இரண்டு பக்கத்தில் சொல்லிப் பார்க்கும்படி உங்கள் மகளிடம் சொன்னேன். மூன்று வாரம் திணறிவிட்டு எழுதி வந்தாள். அதற்குள் நாவலில் ஒரு பாத்திரம் தேவையில்லை என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

இனி நம் ஊரின் தனித் தொல்லை. திருச்சூரில் இருக்கும் கேரள சாகித்திய அகாதமி மலையாளத்துக்கானது. அதன் பரிசுகளைத் தமிழில் எழுதுகிறவர் எதிர்பார்க்க முடியாது. எல்லை தாண்டி வேலந்தாவளத்துக்கு அப்பால் போனால், தமிழ்நாட்டு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் நூல்களுக்குத் தனி உதவித் திட்டம் இருக்கிறது. ஆனால் மாநில அரசின் பணத்தில் நடக்கும் எந்தத் திட்டமும் வசிப்பிடத்தைக் கேட்கக்கூடியது. விண்ணப்பப் படிவத்தில் முதலில் படிக்க வேண்டியது பரிசுத் தொகையை அல்ல, தகுதிப் பத்தியைத்தான். குடும்ப அட்டை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்து அனுப்பிய பிறகு அந்த ஒரு வரியால் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். ஆகவே என் அறிவுரை இது: முகவரியைக் கேட்காமல் மொழியை மட்டும் கேட்கும் வாய்ப்புகளை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட், பதிப்பகங்களும் இதழ்களும் நடத்தும் போட்டிகள் ஆகியவை பெரும்பாலும் இந்தப் பக்கம் வரும்.

எல்லையில் பிறந்ததில் இழப்பு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போன மாதம் உங்கள் மகள் தன் இரண்டாவது அத்தியாயத்தைக் கொண்டு வந்தாள். நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, நீல மையில் எழுத்து, ஓரத்தில் பென்சில் திருத்தம். விடிகாலையில் பாளை சீவ வருகிறவருக்கு வீட்டுப் பாட்டி திண்ணையில் சொம்பு வைக்கும் காட்சி. ‘வெள்ளம் வேணுமா’ என்று பாட்டி கேட்கிறாள். அந்த ‘வெள்ளம்’ என்ற சொல்லை அடித்துத் ‘தண்ணீர்’ என்று திருத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். நடுவர்கள் சென்னைக்காரர்களாக இருப்பார்கள், பிழை என்று நினைத்துவிடுவார்கள் என்றாள். நான் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதச் சொன்னேன். தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாள வழிப் பள்ளியில் படித்தவர். வத்தல் வியாபாரம் செய்துகொண்டே தம் கடலோர மக்களின் பேச்சை அப்படியே எழுதித்தான் 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நல்ல நடுவர் வட்டாரச் சொல்லைக் கண்டு முகம் சுளிக்க மாட்டார். ஒருமுறை ‘வெள்ளம்’ என்றும் மறுமுறை ‘தண்ணீர்’ என்றும் ஒரே பாட்டி பேசினால்தான் சுளிப்பார்.

இரண்டு மொழியும் சரளமாக இருப்பதால் அவளுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டு வரும் நல்ல மொழிபெயர்ப்பாளர்களைப் பதிப்பகங்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன, குளச்சல் மு. யூசுப் 2018இல் அப்படியொரு நூலுக்குத்தான் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். நாவல் கைகூடுவதற்கு முன்பே பதிப்பாசிரியர் ஒருவருடன் பழகக் கிடைக்கும் வழி அது.

இப்போது நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய பகுதி. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவன் ஒருவனுக்கு ‘இளம் படைப்பாளி விருது’ என்று கடிதம் வந்தது. விழாச் செலவுக்கும் நூல் அச்சுக்கும் என்று முப்பதாயிரம் கேட்டார்கள். நான் அந்தக் கடிதத்தைச் சரியாக விசாரிக்காமல், நல்லதுதானே என்று சொல்லிவிட்டேன். அவன் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். ஒரு கேடயமும் இருநூறு பிரதிகளும் வந்தன. பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன, எந்தக் கடைக்கும் போகவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: நுழைவுக் கட்டணம் என்று சிறு தொகை வாங்கும் போட்டிகள் உண்டு, அதில் தவறில்லை; தேர்வான பிறகு எழுதியவரிடமே அச்சுக் கூலியோ விழாச் செலவோ கேட்கும் விருது எதுவானாலும் விலகிவிடுங்கள்.

ஒப்பந்தம் வந்தால் நீங்களும் உடன் உட்கார்ந்து படியுங்கள். எழுதியவருக்கு எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உண்டு. பதிவு செய்துதான் பெற வேண்டும் என்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற வரியைக் கண்டால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். திரைப்பட உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் தனித்தனியே விலையுள்ளவை.

இன்னும் ஓரிரு நடைமுறை விஷயங்கள். அத்தியாயங்களை முகநூலிலோ கதைச் செயலிகளிலோ அவள் போடத் தொடங்கியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பல போட்டிகள் அதையும் வெளியானதாகவே கொள்ளும். பிரதியின் எந்தப் பக்கத்திலும் பெயர் வரக் கூடாது என்ற விதியை மறந்து, நன்றியுரையில் அப்பா பெயரை எழுதி வாய்ப்பை இழந்த பிள்ளைகள் உண்டு. தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும்.

வேலையைப் பற்றிய உங்கள் கணக்கு சரியான கணக்கு, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். தமிழில் பட்டமும் பி.எட்.டும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட் தேர்ச்சியும் இருந்தால், நம் மாவட்டத்திலும் இடுக்கியிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) அறிவிப்பு வரும்போது அவள் தயாராக இருக்கலாம். திருவனந்தபுரத்து நீல பத்மநாபன் கேரள மின்வாரியப் பொறியாளராக இருந்துகொண்டு எழுதியவர், ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவை எழுதினார். விருதுத் தொகையை வருமானமாக எண்ணக் கூடாது என்பதை அவளிடம் நேரிடையாகவே சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டாள். அதற்கு ஈடாக நான் உங்களிடம் கேட்பது ஒன்று: பட்டப் படிப்பு முடிந்ததும் பி.எட். சேர்வதற்கு முன்னால் இருக்கும் கோடை மாதங்களை நாவலுக்கு விட்டுக் கொடுங்கள். அந்த நேரத்தில் பெண் பார்க்க வருகிறோம் என்று யாராவது சொன்னால், சிறிது தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை அவள் முதல் மூன்று அத்தியாயங்களுடன் வருகிறாள். நீங்களும் வர வேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில் தாத்தா மரங்களைக் கள்ளுக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விடும் இடத்தில், ‘மரத்துக்கு’ என்று எழுதிவிட்டு ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறாள். அந்தக் காலத்துப் பாட்டத் தொகை அவளுக்குத் தெரியவில்லை, உங்களிடம் கேட்கத் தயங்குகிறாள். உங்கள் தந்தையார் காலத்துத் தோப்புக் கணக்கு நோட்டு பரணில் இருப்பதாக ஒருமுறை சொன்னீர்கள். அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.