கம்பனி டயரா, கடை டயரா? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மாரி நெருங்கும் வாரங்களில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை டயரைப் பற்றியவை. படுவான்கரை வயலுக்குப் போகிறவருக்கும் பாணமை மணலில் ஓடுகிறவருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. தொழிற்சாலையிலிருந்து வாகனத்தோடு வந்ததைக் கம்பனி டயர் என்றும், பிறகு நாமே வாங்கிப் போடுவதைக் கடை டயர் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: வாகன இறக்குமதித் தடை நீங்கிய பிறகு புதிய டபிள் கெப் ஒன்று வாங்கினேன். கம்பனி டயர் தார் வீதிக்குத்தான் லாயக்கு, உடனே கழற்றி விற்றுவிட்டு மட் டயர் போடு என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். மாற்றலாமா? (கல்லடி)

பதில்: வேண்டாம். முதலில் உங்கள் வாகனம் எங்கே ஓடுகிறது என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். கல்முனை, செங்கலடி, எப்போதாவது ஏ5 வீதியால் புல்லுமலை கடந்து பதுளை, விடுமுறைக்கு உன்னிச்சைக் குளக்கட்டு. இதுதான் உங்கள் ஓட்டம் என்றால் ஏறக்குறைய முழுத் தூரமும் தாரிலேயே கழிகிறது.

மலிவாகக் கிடைத்ததை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கம்பனி டயரைப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வாகனம் செய்யும் நிறுவனமும் டயர் செய்யும் நிறுவனமும் சேர்ந்து அந்த வாகனத்தின் எடை, பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் செலவு, இரைச்சல் எல்லாவற்றையும் வைத்துச் சோதித்தே அதைத் தெரிவு செய்கின்றன. அதே பெயரில், அதே அளவில் கடையில் கிடைக்கும் டயரில்கூட ரப்பர்க் கலவையும் பள்ளத்தின் ஆழமும் வேறாக இருக்கலாம்.

ஆனால் அந்தத் தெரிவு தார் வீதியின் பக்கமாகச் சாய்ந்தது. வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்ப்பது காட்சியறைக்கு முன்னாலுள்ள வீதியில். சத்தமில்லாமல் மெத்தென்று ஓட வேண்டும், டீசலும் குறைவாகக் குடிக்க வேண்டும். அதனால் பள்ளம் ஆழம் குறைந்ததாக, பல டயர்களில் 8 மில்லிமீற்றர் அளவில், பக்கவாட்டும் மெல்லியதாக வருகிறது. அந்த டயரில் குறை என்றால் இதுதான். தரத்தில் குறை இல்லை.

இனி மட் டயரைப் பாருங்கள். பெரிய ரப்பர்க் கட்டைகள், அவற்றுக்கிடையே அகன்ற இடைவெளி. சேற்றில் அந்த இடைவெளிதான் உயிர். தாரிலோ, அந்த இடைவெளி அளவுக்கு வீதியில் படியும் ரப்பர் குறைகிறது. தண்ணீர்ப் படலத்தை அறுக்கும் நுண்ணிய வெட்டுகளும் அதில் குறைவு. எனவே நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். நமக்குச் சேறு வருகிற கார்த்திகை, மார்கழியில்தான் தாரும் நனைந்து கிடக்கிறது என்பதை உங்கள் நண்பர்கள் யோசிக்கவில்லை. இரவில் வீதியின் நடுவே மாடு படுத்திருக்கும் ஊரில் அந்தச் சில மீற்றர் சிறிய விடயமல்ல.

கம்பனி டயரையே ஓட்டுங்கள். பள்ளம் 4 மில்லிமீற்றருக்கு இறங்கும்போது, வயலும் காடும் உங்கள் ஓட்டத்தில் கூடியிருந்தால், தாருக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட ஆல் டெரெய்ன் வகைக்கு மாறுங்கள். அதுவரை பொறுப்பதால் நட்டம் எதுவும் இல்லை.

கேள்வி: எனக்கு அந்த நிலைமை இல்லை ஐயா. பழைய டபிள் கெப். மழை தொடங்கினால் வட்டைக்குப் போகும் வழியெல்லாம் களி. விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரத்தைக் கூப்பிட்டு இழுப்பதே வேலையாகிவிட்டது. அகலமான மட் டயர் போட்டால் தீருமா? (கொக்கட்டிச்சோலை)

பதில்: உங்களுக்குக் கம்பனி டயர் போதாது. ஏன் என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். அடுத்த முறை சேற்றிலிருந்து ஏறியவுடன் இறங்கி டயரைப் பாருங்கள். பள்ளமே தெரியாமல் களி அடைத்து, சுற்றிலும் மொழுமொழுவென்று இருக்கும். விரலால் தோண்டினால் முழுக் கட்டியாக வரும். அந்த நிலையில் எவ்வளவு நல்ல டயரும் மொட்டை டயர்தான். களிக்கு ஏற்ற டயர் சில்லு சுழலும்போதே அடைத்த களியை உதறிவிட வேண்டும். அதற்கு இடைவெளி வெளிப்பக்கம் நோக்கித் திறந்திருக்க வேண்டும். டயர் வாங்கும்போது நடுவிலுள்ள கோலத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஓரக் கட்டைகளைப் பாருங்கள். அவற்றுக்கிடையே இரண்டு விரல் நுழைகிறதா, அந்த வழி பக்கவாட்டு வரை திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

அகலம் வேண்டாம். நம் வயல்களில் உழுத மண்ணுக்கு ஒரு சாண் கீழே, வருடக்கணக்காகக் கலப்பையும் சில்லும் அழுத்தி இறுகிய தட்டு ஒன்று இருக்கிறது. ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அந்தத் தட்டில் கால் பதிக்கும். அகன்றது மேலேயே மிதந்து வழுக்கும். கம்பனி சொன்ன அகலத்திலேயே இருங்கள்.

மட் டயரா, ஆல் டெரெய்னா என்றால், வாகனம் வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் என்று இருந்தால் மட் டயர் போடலாம். பிள்ளைகளை மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்துக்கு விடுவதும் அதே வாகனம் என்றால் ஓரம் திறந்த ஆல் டெரெய்ன். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ரிம் நான்கு தேடி எடுத்து மட் டயரை அதில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்போகத்துக்கு அது, கோடைக்குக் கம்பனி டயர். இரண்டும் இரட்டிப்புக் காலம் உழைக்கும்.

கேள்வி: நான் கால்நடை வைத்தியர். மாட்டுப்பட்டிகளுக்குப் போகும் காட்டுவழியில் பக்கவாட்டு வெட்டுப்பட்டு அடுத்தடுத்து கம்பனி டயர்கள் பழுதாகிவிட்டன. எந்த வகை தாங்கும்? (கிரான்)

பதில்: உங்கள் எதிரி சேறு அல்ல, அடிக்கட்டை. சேனைக்குப் பற்றை வெட்டும்போது கத்தி சரிவாக விழுகிறது. நிலத்துக்கு மேலே ஒரு சாணில் கூரிய முனை நிற்கும். கச்சான் காற்றில் காய்ந்த பிறகு அதை எந்த மெல்லிய பக்கவாட்டும் தாங்காது. ஏறி மிதிக்கும் பகுதியில் முள் குத்தினால் ஒட்டுப் போடலாம். பக்கவாட்டு கிழிந்தால் ஒட்டு இல்லை, டயர் போனதுதான். அங்கே ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடை டயர் தன் விலைக்கு நியாயம் செய்வது உங்களைப் போன்றவர்களிடம்தான். அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ (LT, இலகு பார வாகன டயர்) என்று பொறித்த, பக்கவாட்டில் மூன்று அடுக்கு இழை உள்ள ஆல் டெரெய்ன் வாங்குங்கள். எத்தனை அடுக்கு என்பது பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். எடை கூடும், டீசல் கொஞ்சம் கூடும், ஓட்டம் சற்று விறைப்பாக இருக்கும். அவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பலரும் தவறவிடும் விடயம் ஒன்று உண்டு. எல்.டி. டயருக்கு மாறியபின் சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவு பொருந்தாது. அந்த அளவு கம்பனி டயருக்குக் கணக்கிட்டது. எல்.டி. டயர் அதே பாரத்தைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டும். பாரம் தாங்கும் திறனை அந்த டயரில் எழுத்தால் குறிப்பார்கள். சி வகை தன் முழுப் பாரத்தைத் தாங்குவது 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில், ஈ வகை 80இல். அதற்காக 80 அடிக்கச் சொல்லவில்லை. டயர் நிறுவனத்தின் பார அட்டவணையைக் கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் வாகனத்தின் எடைக்கு எவ்வளவு என்று பார்த்துப் போடுங்கள். அடிக்கட்டை உள்ள வழியில் காற்றை இறக்கவும் வேண்டாம். இறக்கினால் பக்கவாட்டு வெளியே பிதுங்கி, தானாகவே போய்க் கட்டையில் மாட்டும்.

மாற்றுச் சில்லும் அதே வகையாக, அதே அளவாக இருக்கட்டும். யானை இறங்கும் நேரத்தில் அந்தப் பக்கங்களில் சில்லு மாற்ற நிற்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளை உகந்தை, குமண பக்கம் ஜீப்பில் கூட்டிப் போகிறேன். மணலில் புதைகிறது. மட் டயர் வாங்கக் காசு சேர்க்கிறேன். (பொத்துவில்)

பதில்: சேர்த்த காசை வைத்திருங்கள். மட் டயர் மணலைத் தோண்டும். தோண்டினால் புதையும். மணலில் வேண்டியது மிதப்பு, அதைத் தருவது காற்றை இறக்குவது. கம்பனி டயரில் 35 பி.எஸ்.ஐ. இருந்தால் மணல் தொடங்கும் இடத்தில் 18க்கு இறக்குங்கள். டயர் நீளவாட்டில் பரந்து படியும். நிலத்தில் பதிந்த தடத்தை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பிறகு மெதுவாக ஓட்டுங்கள், சட்டென்று திருப்ப வேண்டாம். சில்லு சுழன்றாலும் வாகனம் நகரவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். தாருக்கு ஏறுமுன் மறுபடி காற்று அடித்தே தீர வேண்டும். இறங்கிய காற்றோடு வேகமாக ஓடினால் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும்.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது நல்ல காற்றழுத்தமானி ஒன்றும், பற்றரியில் இயங்கும் சிறிய கம்பிரசரும். கடற்கரையோரம் ஓடிய அன்றே ரிம்மைக் கழுவுங்கள். உப்பேறி ரிம் விளிம்பு துருப்பிடித்தால் காற்று அங்கேதான் கசியும்.

கேள்வி: என் வாகனத்துக்கு 265/65R17. ஒரு அளவு கூட்டி 265/70R17 போட்டால் உயரம் வரும் என்கிறார்கள். நெல் மூட்டையும் ஏற்றுவேன். (சம்மாந்துறை)

பதில்: கணக்கைப் பாருங்கள். 265 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம், 65உம் 70உம் பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். முதலாவதின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர், இரண்டாவது 803. வாகனத்தின் அடிப்பகுதி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான், 13 மில்லிமீற்றர். விரல் அகலம்கூட இல்லை. பதிலுக்கு வேகமானி உண்மையைவிட மூன்று வீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும், பாரத்தோடு புறப்படும்போது இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் சில வாகனங்களில் உரசும். பாரம் ஏற்றுகிறவருக்கு இது ஆதாயமில்லை.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் அளவுக்குப் பின்னால் வருவது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோதான். அளவு ஒன்றாக இருந்தும் இந்த எண் குறைந்த டயர் மலிவாகக் கிடைக்கும். மூட்டை ஏற்றுகிறபோது பாரத்தில் பெரும்பங்கு பின்சில்லுகளில்தான் இறங்குகிறது. கம்பனி டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

கேள்வி: பாவிக்காத டயர், ஆனால் பாதி விலை. வாங்கலாமா? (ஏறாவூர்)

பதில்: பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் காணாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். பாவிக்காமலே கிடந்தாலும் ரப்பர் முதிர்ந்துகொண்டே இருக்கும், நம் வெயிலுக்கு இன்னும் விரைவாக. ஐந்து வருடம் கடந்ததை வருடந்தோறும் சோதிக்க வேண்டும். பத்து வருடமானதை எவ்வளவு பள்ளம் இருந்தாலும் கழிக்க வேண்டும். ரப்பர்க் கட்டைகளின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் கால் விலைக்கும் வேண்டாம். உங்கள் மாற்றுச் சில்லின் வயதையும் இன்றே பாருங்கள். வாகனத்தின் அடியில் தொங்கும் அதை யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: இப்போதைக்குப் பின்னால் இரண்டு மட்டும் மட் டயர், முன்னால் பழையது. சரியா? (அக்கரைப்பற்று)

பதில்: நான்கு சில்லு இழுவையைப் பாவிப்பதாயின் சரியல்ல. முன்னும் பின்னும் விட்டம் மாறினால் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழலப் பார்க்கும், கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள பகிர்வுப் பெட்டி முறுகும். அதைத் திருத்தும் செலவுக்கு இரண்டு செட் டயர் வாங்கலாம். காசு சேரும்வரை நான்கும் பழையதாகவே ஓடட்டும்.

கேள்வி: பெரிய டயர் போட்டால் வெள்ளம் கடக்கும் வீதியில் போகலாம்தானே? (காரைதீவு)

பதில்: போக முடியாது. 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் கவிழ்த்தது உழவு இயந்திரத்தை. நம் பகுதியில் அதைவிடப் பெரிய சில்லு வேறு எந்த வாகனத்தில் இருக்கிறது? அன்று நாம் பிள்ளைகளை இழந்தோம். ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தால் டபிள் கெப்பையும் தூக்கிக்கொண்டு போகும். டயருக்குள் இருப்பது காற்று, பெரிதாக்கினால் மிதப்பும் கூடும். கிரான்–புலிபாய்ந்தகல் வீதியானாலும் உங்கள் ஊர் வீதியானாலும், தண்ணீர் குறுக்கே ஓடுகிறதென்றால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: ரீபில்ட் டயர் (பழைய டயர்க் கூட்டில் புதிய ரப்பர் ஒட்டியது) மலிவு. வயல் வேலைக்குப் போதாதா? (வெல்லாவெளி)

பதில்: லொறிக்கும் பஸ்ஸுக்கும் நல்ல கூட்டில் ஒழுங்காகச் செய்த ரீபில்ட் நன்றாக உழைக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. காற்றை இறக்கி, கட்டையிலும் கல்லிலும் மோதவிடும் டபிள் கெப்புக்கு நான் சொல்லமாட்டேன். பழைய கூட்டின் பக்கவாட்டு முன்பே எங்கே அடிபட்டது என்று உங்களுக்குத் தெரியாது. விலைதான் தடை என்றால் உள்நாட்டில் செய்த புதிய ரேடியல் டயரை விசாரித்துப் பாருங்கள். பார எண்ணும் உற்பத்தி வாரமும் சரியாக இருந்தால் துணிந்து வாங்கலாம்.