கேபிள் டிவி ஒயரை வைத்து எஃப்எம் ஆண்டெனா செய்ய முடியுமா? கொடைக்கானல் எஃப்எம் தெளிவாகக் கேட்குமா?

தாராளமாகச் செய்யலாம். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் மொட்டை மாடியில் நிற்பதும் அப்படிச் செய்ததுதான். பூஸ்டருக்கு மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள். அது இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கொடைக்கானல் நிலையத்துக்கு மலைதான் பலம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அலை, வழியில் வேறு மலை மறிக்காவிட்டால், சுமார் 190 கிலோமீட்டர் வரை நேராகவே வந்து சேரும். ஆகவே அந்தத் தூரத்துக்குள் இருந்தால் உங்கள் மாடிக்கு அது வந்துகொண்டுதான் இருக்கிறது. கீழே கான்கிரீட் சுவருக்கும் எல்இடி விளக்குகளின் இரைச்சலுக்கும் நடுவே இருக்கும் ரேடியோவுக்குத்தான் எட்டவில்லை.

முதலில் நீளம். 7125-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைக் கம்பியின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். கொடைக்கானல் 100.5 என்பதால் ஏறக்குறைய 71 செ.மீ. கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6 ஒயரே போதும். அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 75 ஓம். இரண்டு கால் அலைப் பாதிகள் சேர்ந்த அரை அலை ஆண்டெனாவின் நடுப்புள்ளியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே இரண்டையும் பொருத்தத் தனியாக எந்தக் கருவியும் வேண்டாம்.

ஒயரின் ஒரு முனையில் 71 செ.மீ. நீளத்துக்குக் கறுப்பு உறை, வலைக்கம்பி, அலுமினியத் தாள் மூன்றையும் நீக்கிவிடுங்கள். வெள்ளை இன்சுலேஷன் உட்கம்பியின் மேல் அப்படியே இருக்கட்டும். வெட்டிய இடத்திலிருந்து கீழே இன்னொரு 71 செ.மீ. அளந்து, அங்கிருந்து ஒயரை 10 செ.மீ. விட்டமுள்ள வளையமாக ஐந்து சுற்று சுற்றிக் கட்டுங்கள். மேலே உள்ள உட்கம்பி ஆண்டெனாவின் ஒரு பாதி. வலையின் வெளிப்பரப்பு மறுபாதி. அந்த வெளிப்பரப்பில் ஓடும் மின்னோட்டம் ஒயர் வழியே கீழே ஓடிவிடாமல் சுருள் தடுக்கும். இதைவிடச் சிறிய வளையமாக மடக்கினால் உள்ளிருக்கும் நுரை நசுங்கும்.

வலையைப் பிரித்து உறையின் மேல் கீழ்நோக்கி மடக்கிவிடும் முறையையும் பலர் சொல்வார்கள். தாமிர வலை உள்ள ஒயருக்கு அது நல்ல வழி. ஆர்ஜி-6 ஒயரில் பெரும்பாலும் அலுமினிய வலைதான். இழுத்தால் அறுந்துவிடும், சாதாரண ஈயப் பற்றும் பிடிக்காது. சுருள் முறையை நான் விரும்புவது இதனால்தான்.

வெட்டிய இடத்தை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். தலைமுடி போன்ற ஒரே ஓர் அலுமினிய இழை உட்கம்பியைத் தொட்டாலும் ஆண்டெனா செத்துவிடும். ரேடியோவில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். உட்கம்பிக்கும் வலைக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது.

பிறகு இரண்டு பாதிகளையும் முக்கால் அங்குல பிவிசி குழாய்க்குள் செங்குத்தாக விட்டு, சுருள் குழாய்க்கு வெளியே தொங்கும்படி கட்டுங்கள். மேல்முனையை எம்சீல் வைத்து அடையுங்கள். மழைநீர் வலைக்குள் இறங்கினால் ஒயர் ஒரே பருவத்தில் வீணாகிவிடும். இரும்புக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். விழுந்தால்கூட மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

ஹோம் தியேட்டரில் 75 ஓம் துளை இருந்தால் நேராகச் செருகலாம். கையடக்க ரேடியோவானால் உட்கம்பியை அதன் நீட்டுக் கம்பியிலும், வலையை பேட்டரியின் எதிர்முனையிலும் முதலைக் கிளிப்பால் பிடிக்கலாம். பேட்டரியில் ஓடும்போது மட்டும் இப்படிச் செய்யுங்கள். பக்கத்திலேயே உள்ளூர் எஃப்எம் கோபுரம் இருந்தால் விலை குறைந்த ரேடியோ திணறி, எல்லா இடத்திலும் அந்த நிலையத்தையே பாடும். அப்போது கிளிப்பை நீட்டுக் கம்பியில் மாட்டாமல் அதன் அருகில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

இடி மின்னல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடிக்க ஆரம்பித்த பிறகு அதைத் தொடவே தொடாதீர்கள்.