இந்தக் கோடைக்கு ஊருக்குள்ளேயே இரு

அன்புத் தங்கைக்கு,

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பேர்ன்ஸ்டேல் முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது, மலைப்பக்கம் புரூதன் ஊருக்கு அருகே மரங்களுக்கு நடுவே ஒரு வீடு குறைந்த வாடகைக்கு வருகிறது, டிசம்பரிலேயே குடிபோகலாமா, காட்டுத்தீ என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைகளுக்கு ஆறு வயது, இரண்டு வயது. மாமியாருக்கு ஆஸ்துமா. இங்கே டிசம்பரில்தான் கோடை தொடங்கும். என் பதில்: இந்தக் கோடைக்கு வேண்டாம். வாடகை கூடுதலானாலும் பேர்ன்ஸ்டேல் ஊருக்குள் இரு. ஒரு கோடையைக் கண்ணால் பார்த்தபின் மலைப்பக்கம் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

நாங்கள் அந்தப் பக்கத்தில் நான்கு ஆண்டுகள் இருந்தவர்கள். 2019இல் வசந்தத்திலேயே புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. நவம்பரில் மின்னல் விழுந்து மலையில் பற்றிய தீ அணையவே இல்லை, வாரக்கணக்கில் புகை. அதற்குப் பழகிவிட்டோம், அதுதான் ஆபத்து. டிசம்பர் 29 அன்று, பேர்ன்ஸ்டேல் உள்ள கிழக்கு கிப்ஸ்லாந்து வட்டாரத்தில் விடுமுறைக்கு வந்திருப்பவர்கள் எல்லோரும் மறுநாள் காலை 9 மணிக்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். என் கணவர் "அது சுற்றுலாக்காரர்களுக்கு, நமக்கில்லை" என்றார். பக்கத்துப் பண்ணைப் பெரியவர், தன்னார்வத் தீயணைப்புப் படையில் பல ஆண்டுகள் இருந்தவர், அன்று மாலை வாசலில் வந்து நின்று, "குழந்தையை ஏற்றிக்கொண்டு விடியும்போதே கிளம்புங்கள்" என்று மட்டும் சொன்னார். கிளம்பினோம். நாங்கள் போன கிரேட் அல்பைன் சாலையில்தான் சார்ஸ்ஃபீல்ட் இருக்கிறது. அன்றிரவு அந்த ஊரில் வீடுகள் எரிந்தன. கிளிஃப்டன் கிரீக்கில் பள்ளிக்கூடமே போனது. மறுநாள் காலை கடலோர ஊரான மல்லகூட்டாவில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் கடற்கரையில் ஒதுங்கி நின்றார்கள். பிறகு கடற்படைக் கப்பல் வந்துதான் பலரை ஏற்றிச் சென்றது. எங்கள் வாடகை வீடு தப்பியது. பின்னால் இருந்த கொட்டகை சாம்பல். அதில் அம்மா கொடுத்த வெண்கலப் பானை இருந்தது.

தீ நம்மை நோக்கி நடந்து வரும், பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைக்காதே. யூகலிப்டஸ் மரத்தின் பட்டை நாடா நாடாகக் கழன்று, கங்காகிக் காற்றில் பறந்து, சில கிலோமீட்டர் முன்னால் போய் விழுந்து புதுத் தீயை மூட்டும். கூரைத் தகரத்தின் இடுக்கிலும், காய்ந்த இலை அடைத்த மழைநீர்க் குழாயிலும் ஒரு கங்கு போதும். ஏறுமுகமான சரிவில் தீ இன்னும் வேகமாகப் போகும். பத்து டிகிரி சரிவுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் என்று தீயணைப்புக்காரர்கள் சொல்வார்கள். நீ பார்த்திருக்கும் வீடு சரிவின் மேல் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காற்றைப் புரிந்துகொள். மோசமான நாட்களில் உள்நாட்டிலிருந்து அனல் காற்று வடக்கே இருந்து வீசும். மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்ததும் உடம்புக்கு இதமாக இருக்கும், பிழைத்தோம் என்று தோன்றும். அப்போதுதான் நீளவாக்கில் எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் முன்வரிசையாகத் திரும்பும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள். மேரிஸ்வில் ஊரைத் தீ விழுங்கியது காற்று திரும்பிய பிறகுதான்.

சாலையோரப் பலகைகளில் தீ அபாய அளவு குறைவிலிருந்து கூடுதலாக நான்கு படிகளில் இருக்கும்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராபிக். கேட்டஸ்ட்ராபிக் என்றால் முந்தின இரவோ அதிகாலையிலோ கிளம்பிவிடு, புகை தெரிகிறதா என்று பார்க்காதே. பிள்ளைகளும் மாமியாரும் இருக்கும் வீட்டில் எக்ஸ்ட்ரீம் நாளுக்கும் அதே முடிவுதான். மாநில அரசின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியைப் போனில் வை. ஆனால் மின்சாரம் போனால் இணையமும் போய்விடும், பேட்டரி ரேடியோவில் ஏபிசி என்ற பொது வானொலியைக் கேட்கப் பழகு. தண்ணீர் இறைக்கும் மின்மோட்டார் பம்பும் நின்றுவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டு வராது. காரில் எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்க விடாதே.

கிளம்பும்போது பருத்தி அல்லது கம்பளி உடுத்து. நைலான் சேலையும் பாலியஸ்டர் சுடிதாரும் அனலில் உருகித் தோலோடு ஒட்டும். மாமியாருக்குப் புகைத்துகளை வடிகட்டும் பி2 முகக்கவசமும் கூடுதல் ஆஸ்துமா இன்ஹேலரும் இப்போதே வாங்கி வை. தீ எங்கோ இருந்தாலும் புகை வாரக்கணக்கில் நிற்கும்.

பொங்கலைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஜனவரி நடுப்பகுதி இங்கே தீக்காலத்தின் நடுவே வரும். டோட்டல் ஃபயர் பான், அதாவது வெளியிடத்தில் தீ மூட்டத் தடை, அறிவித்த நாளில் முற்றத்தில் விறகு மூட்டிப் பானை வைப்பது சட்டப்படி குற்றம். அடுப்பங்கரையில் பால் பொங்கினாலும் அது பொங்கல்தான், பிள்ளைகளோடு சேர்ந்து குலவையிடு. வாடகைக்கு இருந்தாலும் வீட்டுப் பொருட்களுக்குத் தனியாகக் காப்பீடு எடு, வீட்டுக்காரரின் காப்பீடு உன் சாமான்களுக்குச் சேராது.

இத்தனைக்குப் பிறகும் அந்த வீட்டையே எடுப்பதென்றால், வெளியேற இரண்டு சாலைகளையும் ஒருமுறை பகலில் காரில் போய்ப் பார்த்துவிடுங்கள். நாங்கள் இப்போது சேல் நகரில் இருக்கிறோம், உங்களிடமிருந்து ஒரு மணி நேரம். பலகையில் முள் எக்ஸ்ட்ரீமைத் தொட்டால் முந்தின இரவே நால்வரும், மாமியாரும் இங்கே வந்துவிடுங்கள். பின்னறையில் பாய் விரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா