ஒளிக்கு நிறையே இல்லை, அப்புறம் சூரியன் அதை எப்படி வளைக்கும்? சார்பியல் கோட்பாடு தவறா?

கேள்வியில் நீங்கள் இரண்டு வாதம் வைத்திருக்கிறீர்கள். நிறையில்லாத ஒளியை ஈர்ப்பு வளைக்க முடியாது என்பது ஒன்று. தண்ணீரில் குச்சி வளைந்து தெரிவதுபோல, சூரியனைச் சுற்றியுள்ள வாயுதான் விண்மீன் ஒளியை வளைக்கிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை நானே கல்லூரியில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அதனால் உங்கள் சந்தேகத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் வாதத்துக்குப் பதில் சுலபம். ஒரு பொருள் விழும் வேகத்துக்கும் அதன் நிறைக்கும் சம்பந்தமில்லை. 1971ல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார், இரண்டும் ஒன்றாகத்தான் தரையைத் தொட்டன. நியூட்டன் கணக்குப்படியே ஒளி வளையத்தான் வேண்டும்; சூரிய விளிம்பை உரசி வந்தால் 0.87 வில்விநாடி. ஐன்ஸ்டீன் 1915ல் தன் சார்பியல் கோட்பாட்டில் சொன்னது அதைப்போல் இரு மடங்கு, 1.75. ஒரு வில்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்கு. இரண்டரை சென்டிமீட்டர் அகல நாணயத்தை மூன்று கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் இந்த 1.75. சண்டையெல்லாம் அந்த நாணயம் முழுசா, பாதியா என்பதில்தான்.

சூரிய கிரகணத்தின்போது சூரியன் அருகே தெரியும் விண்மீன்களை வைத்து இந்த வளைவை அளக்கலாம். 1919ல் அப்படி அளந்த பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டார் என்கிறார்களே, அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பிரேசிலின் சோப்ராலில் ஒரு தொலைநோக்கி 1.98 காட்டியது, பிரின்சிபி தீவில் 1.61. சோப்ராலில் இருந்த இன்னொன்று 0.93 காட்டியது, கிட்டத்தட்ட நியூட்டன் அளவு! அதன் குவியம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள். நானாக இருந்தாலும் கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அந்தத் தொலைநோக்கியின் அதே புகைப்படத் தட்டுகளை 1979ல் நவீனக் கருவியில் மறுபடி அளந்தபோது 1.55 வந்தது. அதற்கு முன்பே, 1922 கிரகணத்தில், ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் லிக் ஆய்வகக் குழு 1.72 அளந்திருந்தது. (நம் கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்து எவர்ஷெட் தலைமையில் ஒரு குழுவும் அங்கே போனது. கருவிக் கோளாறால் வெறுங்கையோடு திரும்பியது.)

இனி வாயு விஷயம். அன்று வகுப்பில் பேராசிரியர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மேசையிலிருந்த முப்பட்டகத்தை ஜன்னல் வெயிலில் பிடித்தார். சுவரில் நிறங்கள் விழுந்தன. "ஊதாவும் சிவப்பும் ஒரே அளவா வளையுதாப்பா?" என்றார். இல்லை சார் என்றேன். "அப்ப வாயு வளைச்சா அங்கேயும் இப்படிப் பிரியணுமே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இதைத்தான் 1970களில் ரேடியோ வானியலாளர்கள் செய்துபார்த்தார்கள். சூரியனுக்கு அருகில் தெரியும் தொலைதூர ரேடியோ மூலங்களை இரண்டு அதிர்வெண்களில் அளந்தார்கள். வாயு இருக்கிறது, அது அலையைத் திருப்பவும் செய்கிறது. அதில் உங்கள் ஊகம் சரிதான். ஆனால் குறைந்த அதிர்வெண்ணை அது அதிகமாகத் திருப்பும். ஈர்ப்போ எல்லா அலையையும் ஒரே அளவு திருப்பும். இரண்டு அளவீடுகளையும் ஒப்பிட்டு வாயுவின் பங்கைக் கழித்தபின் மிஞ்சியது, ஒரு சதவீதப் பிழைக்குள், ஐன்ஸ்டீன் சொன்ன அளவு.

எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை 1977ல் நடந்தது. அது ஒளியைப் பற்றியதல்ல, கடிகாரத்தைப் பற்றியது: செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட வேகமாக ஓடும், அதைத் திருத்த வேண்டும் என்கிறது சார்பியல். ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடியான என்டிஎஸ்-2 செயற்கைக்கோளை அனுப்பியபோது இந்தத் திருத்தத்தை நம்பாதவர்களும் இருந்ததால், அதை ஒரு ஸ்விட்ச் போல வைத்து அனுப்பினார்கள். சுமார் 20 நாள் அணைத்தே வைத்தார்கள். மேலே இருந்த கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடியது. கோட்பாடு சொன்ன அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை.

சார்பியல் முடிந்த கதை என்று நான் சொல்லவில்லை. கருந்துளையின் மையத்தில் அதன் சமன்பாடுகள் உடைகின்றன, குவாண்டம் இயற்பியலோடும் அது இன்னும் ஒட்டவில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது. உங்களிடம் வேறு விளக்கம் இருந்தால் எழுதுங்கள். அதிலிருந்து 1.75ம் 38ம் எப்படி வருகிறது என்று காட்டுங்கள், வரி விடாமல் படிக்கிறேன்.