மேல்கழுத்துச் சுழற்சியைச் செல்போன் கேமராவில் அளக்கலாமா?

கேள்வி: சென்னையில் பிசியோதெரபி முதுநிலை படிக்கிறேன். கழுத்தால் வரும் தலைவலிக்காரர்களின் மேல்கழுத்து அசைவைச் செல்போன் கேமராவில் அளந்தால் நம்பலாமா? மார்க்கரை (கேமராவுக்கு அடையாளமாக ஒட்டும் புள்ளியை) எங்கே ஒட்டுவது?

பதில்: கேமரா தோலைத்தான் பார்க்கும், எலும்பை அல்ல. முதல் கழுத்தெலும்பான அட்லஸுக்குப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முள்ளே கிடையாது. அடுத்த எலும்பான ஆக்ஸிஸின் முள் விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் தலை திரும்பும்போது தோல் எலும்போடு சேர்ந்து போகாது, மார்க்கர் வேறிடத்தில் நிற்கும். அதனால் கழுத்தில் ஒட்டாதீர்கள்.

அதற்குப் பதில், கழுத்தை முழுசாக முன்னால் மடக்கித் தலையைச் சுழற்றும் சோதனையைப் படம் பிடியுங்கள். மடக்கியதும் கீழ்க்கழுத்து மூட்டுகள் இறுகும். மிஞ்சும் சுழற்சியில் பெரும்பங்கு அட்லஸ்-ஆக்ஸிஸ் மூட்டுக்குரியது. நல்ல கழுத்தில் பக்கத்துக்கு 40 முதல் 45 டிகிரி வரும், 32-33க்குக் கீழே போனால் குறைவு. விபத்தில் அடிபட்டவர், முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவாதம்) உள்ளவர், தலைசுற்றல் உள்ளவர் ஆகியோரை மருத்துவர் பார்க்காமல் இதற்குள் இழுக்கவே கூடாது.

ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, உச்சந்தலையில் இறுக்கமான பட்டை கட்டி, அதன்மேல் இடவலமாக 10 செ.மீ. ஸ்கேல் துண்டு, இரு முனையிலும் மார்க்கர். இந்த இரண்டையும் இணைக்கும் கோடு படத்தில் எவ்வளவு திரும்புகிறதோ, அதுவே சுழற்சிக் கோணம். ஒரு மார்க்கர் 1 மி.மீ. நகர்ந்தாலே அரை டிகிரிக்கு மேல் பிழை. இரு தோள்முனைகளிலும் ஒவ்வொன்று ஒட்டுங்கள், தோள் எழும்பினால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடலாம். சோதிப்பவர் தலைமாட்டில் சற்று ஒதுங்கி நிற்கட்டும், நேரே நின்றால் மார்க்கர் மறைந்துவிடும்.

பலர் கோட்டை விடுவது கேமராவின் கோணத்தில்தான். மடங்கிய தலையின் உச்சி எங்கே பார்க்கிறதோ, அந்த நேர்கோட்டில் லென்ஸ் இருக்க வேண்டும். மேலாகவோ கீழாகவோ 30 டிகிரி விலகினால், உண்மையான 40 டிகிரி படத்தில் 36 ஆகத் தெரியும். நல்ல கழுத்தும் நோயுள்ள கழுத்துப் பக்கம் சாய்ந்துவிடும்! வைடு ஆங்கிள் வேண்டாம், முதன்மை லென்ஸ் போதும். ட்ரைபாடை ஒன்றரை மீட்டராவது தள்ளி வைத்து, ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். தலை இருக்கப்போகும் இடத்தில், அதே சாய்வில் ஓர் அட்டையை நிறுத்தி, பாகைமானியில் 20, 30, 40 டிகிரிக் கோடுகள் வரைந்து முதலில் படமெடுங்கள். அந்தக் கோணங்களே 2 டிகிரிக்குள் திரும்பி வராவிட்டால் ஆளைப் படுக்க வைக்காதீர்கள்.

நம்மூர்ப் புழுக்கத்தில் ஒட்டிய டேப் சீக்கிரமே எழும்பும். தோளை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு ஒட்டுங்கள். தேங்காயெண்ணெய்த் தலையில் பட்டை வழுக்கும், முதல்நாளே சொல்லிவிடுங்கள். பக்கத்துக்கு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஆய்வேட்டில் ‘மடக்கிய நிலைச் சுழற்சிக் கோணம்’ என்றே எழுதுங்கள். அட்லஸ்-ஆக்ஸிஸ் மூட்டை மட்டும் தனியே அளக்க எக்ஸ்ரே அல்லது சிடி வகைப் படம்தான் வேண்டும்.