டிரைவ் மேக்ரோ நமக்காக என்ன எழுதுகிறது? ரஸ்ட் கேள்வி பதில்

ரஸ்ட் நிரல்மொழியில் ஸ்ட்ரக்ட்டுக்கு (பல ஃபீல்டுகளைச் சேர்த்த டைப்) மேலே டிரைவ் (derive) போட்டு குளோன் (நகலெடுக்க), டீபக் (அச்சிட்டுப் பார்க்க) என்று எழுதினால் எல்லாம் வந்துவிடுகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

கம்பைல் ஆகும்போது மேக்ரோ (நிரல் எழுதும் நிரல்) உங்கள் ஸ்ட்ரக்ட்டை டோக்கன்களாக (நிரலின் சொல்துண்டுகளாக) வாங்கி, ஒவ்வொரு ஃபீல்டாகக் குளோன் செய்யும் இம்ப்பிளை (impl, அந்த வேலையைச் செய்யும் நிரல் பகுதி) எழுதிப் பக்கத்தில் சேர்க்கிறது. அந்த நேரத்தில் டைப் விவரம் எதுவும் அதற்குத் தெரியாது, எழுதியிருப்பது மட்டுமே தெரியும். கார்கோ எக்ஸ்பேண்ட் என்ற கருவியை ஓட்டினால் அது எழுதிய நிரலை அப்படியே படிக்கலாம்.

என் ஜெனரிக் ஸ்ட்ரக்ட்டில் (டி-யின் இடத்தில் எந்த டைப்பும் வரலாம்) இருப்பது ஆர்சி<டி> என்ற ஒரே ஃபீல்டு. குளோன் டிரைவ் செய்தேன். டி-க்கு ஸ்ட்ரிங் கொடுத்தால் சரி, என் சொந்த டைப் கொடுத்தால் குளோன் இல்லை என்கிறது. ஆர்சி எப்போதும் குளோன் ஆகுமே?

ஆகும். ஒரே மதிப்பை எத்தனை இடங்கள் பகிர்கின்றன என்று எண்ணும் பாயிண்டர்தான் ஆர்சி (Rc). குளோன் செய்தால் அந்த எண்ணிக்கை ஒன்று கூடும், உள்ளே இருப்பதை அது தொடுவதே இல்லை. ஆனால் அது மேக்ரோவுக்குத் தெரியாதே! டி என்று ஒரு பாராமீட்டரைப் பார்த்ததும் ‘டி-யும் குளோன் ஆக வேண்டும்’ என்று நிபந்தனை போட்டுவிடுகிறது. இங்கே இம்ப்பிளைக் கையாலேயே எழுதுங்கள், சில வரிகள்தான். உங்கள் டைப்புக்குத் தேவையில்லாமல் குளோன் சேர்த்துச் சமாளிக்க வேண்டாம். நாளைக்கு உங்கள் லைப்ரரியை எடுத்துப் பயன்படுத்துகிறவர் தலையிலும் அந்த நிபந்தனை விழும்.

எஃப்64 (f64, தசம எண்) ஃபீல்டு இருந்தால் ஈக் (Eq, முழுமையான சமம்) டிரைவ் ஆகவில்லையே?

எஃப்64-இல் வரும் நேன் (NaN, ‘எண் அல்ல’ என்ற மதிப்பு) தனக்குத்தானே சமமில்லை. அதனால் எஃப்64-க்கு பார்ஷியல்ஈக் மட்டும்தான் உண்டு.

வெர்ஷன் ஸ்ட்ரக்ட்டுக்கு ஆர்ட் (Ord, பெரியது சிறியது ஒப்பீடு) டிரைவ் செய்தேன். 2.0-வை விட 1.9 பெரியது என்கிறது!

மைனரை முதலிலும் மேஜரை அடுத்தும் எழுதியிருப்பீர்கள். ஃபீல்டுகளை எழுதிய வரிசையில்தான் ஒப்பிடும். 9, 0-வை விடப் பெரியது, கதை அங்கேயே முடிந்தது. பல வேரியண்ட்டுகளில் ஒன்றாக இருக்கும் ஈனம் (enum) டைப்பிலும் அப்படித்தான், மேலே இருக்கும் வேரியண்ட் சிறியது. இதில் கம்பைலர் எச்சரிக்கை எதுவும் தராது. யாராவது ஃபீல்டுகளை அகர வரிசையில் அடுக்கினால் போதும், சத்தமில்லாமல் ஒப்பீடு மாறிவிடும். அந்த ஸ்ட்ரக்ட்டுக்கு மேலே ஒரு கமெண்ட்டும், 1.9 < 2.0 என்று ஒரு டெஸ்ட்டும் கட்டாயம் வையுங்கள்.

சொந்தமாக டிரைவ் எழுத எங்கே தொடங்குவது?

ரஸ்ட் 1.15-இல் (2017) இருந்து முடியும். ப்ராக்-மேக்ரோ (proc-macro) என்று அறிவித்த தனி கிரேட் (ரஸ்ட் தொகுப்பு) வேண்டும். படிக்க சின் (syn), எழுத குவோட் (quote) என்ற கிரேட்டுகள். முதலில் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்கு இம்ப்பிளைக் கையால் எழுதி, அது ஓடிய பிறகு மேக்ரோவாக மாற்றுங்கள். அப்புறம், தவறு வந்தால் பேனிக் செய்யாமல், அந்த ஃபீல்டின் ஸ்பேனோடு (நிரலில் அது இருக்கும் இடம்) கம்பைல் எர்ரர் கொடுங்கள். பயன்படுத்துகிறவருக்கு எந்த வரியில் பிழை என்று உடனே தெரியும்.